வெறுங்காலில் 11-வது வாரம்

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓட ஆரம்பித்த 11-வது வாரம், இடது பாதத்தின் மேல்பக்கம் வலித்தது. அடிபட்ட ஞாபகம் எதுவும் இல்லை. இரண்டாவது விரலுக்கு நேராக, விரல் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு இடம். முதல் நாள் ஓடி முடித்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ஓடும்போதே தெரிந்தது. ஐந்தாம் நாள் மாடிப்படி இறங்கும்போது கெந்திக் கெந்தி இறங்கினேன்.

அந்தச் சமயத்தில் என் உள்ளங்கால் அருமையான நிலையில் இருந்தது. ஆரம்பத்தில் பத்தடி நடந்தாலே முகம் சுளிக்க வைத்த ஜல்லிக்கற்கள் மேல் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன். தோல் காய்ப்பேறி, தடவினால் பழைய தோல்பை போல வழவழவென்று கெட்டியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கால் தயாராகிவிட்டது என்று நினைத்து நான்கே வாரத்தில் 3 கிலோமீட்டரை 8 ஆக்கினேன்.

எலும்பு மருத்துவர் கட்டைவிரலால் பாதத்தின் மேல் வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் ஒன்றுமில்லை. அந்த ஒரு இடம் வந்ததும் காலை இழுத்துக்கொண்டேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அவர் அதை நம்பவில்லை. "ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி எடுப்போம். அதுவரை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில், இரண்டாவது நடுப்பாத எலும்பைச் சுற்றி மெல்லிய மேகம் போல ஒரு வெண்மை. புது எலும்பு வளர்ந்து விரிசலைப் பூசிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது அடிபடாமலே, திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் மெல்லிய விரிசல்.

இது ஏன் நடக்கிறது என்று பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். தோல் சில வாரங்களில் கெட்டிப்பட்டுவிடும். எலும்பு அப்படி இல்லை. புதிய சுமை விழுந்தால் எலும்பு முதலில் தன்னில் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பலமாகக் கட்டும். அரிப்பு வேகமாக நடக்கும், கட்டுமானம் மாதக்கணக்கில் நடக்கும். அதனால் நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பு இருந்ததைவிட பலவீனமாக இருக்கும். "இப்போதுதான் நன்றாகப் பழகிவிட்டது" என்று நாம் தூரத்தைக் கூட்டும் வாரங்களும் பெரும்பாலும் அவையே. தசைநாண்களும் இதே போல மெதுவாகத்தான் பழகும்.

2013-இல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு மிகவும் உறைத்தது. 36 ஓட்டக்காரர்களை எடுத்து, ஒரு பகுதியினரை 10 வாரங்களில் விரல்கள் தனித்தனியாக இருக்கும் மெல்லிய ஷூவுக்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மெல்லிய ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோர்வை கூடியிருந்தது. எலும்பு சுமை தாங்காமல் திணறும்போது தெரியும் அடையாளம் அது.

வெறுங்கால் ஓட்டம் என்றதும் யாராவது அபேபே பிகிலாவின் பெயரைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றவர். உண்மைதான், நேரம் 2:15:16. ஆனால் அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியே ரோமுக்கு வந்தவர். 1964-இல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக்கதை.

என் தவறு இன்னொன்றும் உண்டு. வெறுங்காலில் ஓடுபவர்கள் பாதத்தின் முன்பகுதியால் தரையைத் தொடுவார்கள் என்று படித்துவிட்டு, குதிகாலைத் தரையில் வைக்கவே கூடாது என்று எடுத்துக்கொண்டேன். ஓட்டம் முழுக்க எக்கி எக்கி ஓடினேன். கெண்டைக்கால் கல்லாக இறுகியது. சுமை முழுவதும் அந்த மெல்லிய நடுப்பாத எலும்புகள் மேல் விழுந்தது. முன்பாதம் முதலில் தொடலாம், ஆனால் அடுத்த கணமே குதிகாலும் மெதுவாக இறங்கித் தரையைத் தொட வேண்டும். அடியைச் சின்னதாக வைத்தால் இது தானாக வரும். காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். தப் தப் என்று கேட்டால் எங்கோ பிசகுகிறது.

சரி, குணமான கதைக்கு வருகிறேன். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது, வீட்டுக்குள்கூட வெறுங்கால் கிடையாது. வளையாத கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ மட்டும். முதல் பத்து நாள் வீக்கம் இருந்தது, மாலையில் காலை உயர்த்தி வைத்தால் குறைந்தது. இரண்டாவது வாரத்தின் கடைசியில் நடக்க வலிக்கவில்லை. ஆபத்தான கட்டம் அதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வலி போனதும் எலும்பு சேர்ந்துவிட்டது என்று மனம் நம்பிவிடும். சேர்ந்திருக்காது. இரண்டு மூன்று தரம் நூறடி ஓடிப்பார்க்கலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. நீந்தினேன்.

திரும்ப ஆரம்பிக்க மருத்துவர் மூன்று சோதனை சொன்னார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கக் கூடாது. ஒற்றைக்காலில் நின்று குதிகாலை 15 தடவை தூக்கி இறக்க முடிய வேண்டும். அதே காலில் 20 தடவை குதித்தால் வலிக்கக் கூடாது. நான் எட்டாவது வாரத்தில் மூன்றையும் தாண்டினேன். அப்புறம் வெறுங்காலில் வெறும் நடை, பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் அவ்வளவுதான். பிறகு அதற்குள் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிடம். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அன்றைய நாளை முடிவு செய்தேன். வலி என்றால் ஓய்வு. அதில் பேரம் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. எனக்கு வந்தது இரண்டாவது எலும்பில், அது பொதுவாக நன்றாகச் சேரக்கூடிய இடம். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ, கணுக்காலுக்கு முன்னால் பாத வளைவின் உச்சியிலோ இப்படி ஒரு புள்ளியில் வலி வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, சேர்வது கடினம். உடனே காட்டுங்கள்.

கண்ணாடி குத்தாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இத்தனை மாதத்தில் ஒரே ஒரு தடவை குத்தியது. அதுவும் பேசிக்கொண்டு, தரையைப் பார்க்காமல் நடந்தபோது. ஆறடி முன்னால் கண் இருந்தால் பெரும்பாலானவற்றைக் கால் தானே தவிர்த்துவிடும். குத்திய துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. பெருவிரல் மேட்டில் அழுத்தும்போது மட்டும் சுருக்கென்றது. காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துத் துடைத்தேன். செல்போன் டார்ச்சை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. தரையோடு தரையாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் ஒரு புள்ளி மின்னியது. ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால், அது உள்ளே போன வழியிலேயே மேல்தோலை மட்டும் கீறித் திறந்தேன். காய்ப்பேறிய தோல் என்பதால் வலியே இல்லை. நுனி தெரிந்ததும் ட்வீசரால் அது நுழைந்த சாய்விலேயே இழுத்தேன். அரை அரிசி அளவுகூட இருக்காது. நசுக்கிப் பிதுக்கக் கூடாது, கண்ணாடி உள்ளேயே உடையும். மரச்சிலாம்பு என்றால் தண்ணீரில் ஊறவைக்கவும் கூடாது, அது உப்பிச் சிதைந்துவிடும்.

முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்பது பேச்சுக்குச் சரி, காலுக்கு வேண்டாம். ஆழமாகப் போனதை வீட்டில் தோண்டவும் வேண்டாம். கண்ணாடி பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், மரமும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். காயத்தில் மண் பட்டிருந்து, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றிச் சூடு, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், இதில் எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

மற்றவை சுருக்கமாக. தார்ச்சாலை வெயிலில் காற்றைவிட மிகவும் சூடாக இருக்கும், முதலில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அங்கே கால் வேண்டாம். சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர், ஐஸ் கூடாது. குதிகால் வெடிப்பைச் சின்னதாக இருக்கும்போதே கவனியுங்கள், இரவில் யூரியா கலந்த கிரீம் போதும். ஆழமாகிவிட்டால் ஒவ்வொரு அடியிலும் பிளந்து ஆறவே ஆறாது. காய்ப்பை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். காய்ப்பேறினால் உணர்ச்சி மங்கிவிடும் என்று நானும் பயந்திருந்தேன். 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, வெறுங்காலில் நடப்பவர்களின் தடித்த தோல் தரையை உணர்வதைக் குறைக்கவில்லை என்று காட்டியது.

இதைப் படிப்பவர்களில் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இருந்தால், தயவுசெய்து இதை முயற்சி செய்யாதீர்கள். மேலே சொன்ன அத்தனை பாதுகாப்பும் வலி என்ற ஒன்றை நம்பித்தான் இருக்கிறது. வலி தெரியாத காலில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு நாட்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். உங்களுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

இப்போது எனக்கு 14-வது மாதம். வெறுங்காலில் வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர், மற்ற நாள் ஷூ. ஒவ்வொரு இரவும் காலைக் கழுவித் துடைத்து, விளக்கடியில் உட்கார்ந்து விரல் இடுக்குகளைப் பார்க்கிறேன். கடைசியில் கட்டைவிரலால் அந்த இரண்டாவது எலும்பின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. நேற்றும் அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை.