இரண்டாவது அடி

மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் எதிரித் தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, நான் நடத்திய கொலை வழக்குகளில், தற்காப்புரிமை கோரப்பட்ட வழக்குகளே என்னை நெடுநாள் விடாமல் தொடர்ந்தவை. "நான் அடிக்கவே இல்லை" என்பவரின் வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "அடித்தேன், அடிக்காவிட்டால் நான் செத்திருப்பேன்" என்பவரின் வழக்கிலோ, சில நொடிகளில் நடந்து முடிந்ததை அடி அடியாகப் பிரித்து எடைபோட வேண்டியிருக்கிறது.

கிணற்று நீர்ப் பங்கீட்டுத் தகராறில் பங்காளிகள் இருவர் மோதிக்கொண்ட வழக்கு ஒன்றில், மண்வெட்டிக் காம்பால் தலையில் அடிபட்டு ஒருவர் இறந்தார். அவர்தாம் முதலில் அரிவாளை வீசினார் என்றார் என் கட்சிக்காரர். நேரில் கண்டதாகச் சொன்ன சாட்சிகள் எல்லாரும் இறந்தவரின் உறவினர்கள். அவர் கையில் அரிவாளே இல்லை என்றும், எதிரியின் உடலில் காயம் எதையும் தாங்கள் பார்க்கவில்லை என்றும் ஒரே குரலில் சாட்சியம் அளித்தார்கள்.

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு வேறொன்றைச் சொன்னது. முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கு முன்பே எதிரியைப் பரிசோதித்த மருத்துவர், தெரிந்த நபர் ஒருவர் அரிவாளால் வெட்டியதாக அவர் கூறியதையும், இடது முன்கையின் வெளிப்புறத்தில் எலும்புவரை இறங்கியிருந்த வெட்டுக்காயத்தையும் அதில் குறித்திருந்தார். முகத்தை நோக்கி வரும் வெட்டைக் கையை உயர்த்தித் தடுப்பவருக்குக் காயம் படக்கூடிய இடம் அது. தானே வெட்டிக்கொண்டிருக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதிட்டபோது, அத்தகைய காயங்கள் பெரும்பாலும் ஆழமின்றியே இருக்கும் என்பதை மருத்துவர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

எதிரிக்கு ஏற்பட்ட கடுமையான காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், சம்பவம் தொடங்கிய விதத்தை அது மறைத்துவிட்டது என்று கருத இடமுண்டு என உச்ச நீதிமன்றம் 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் கூறியிருக்கிறது. தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொன்னாலும், அவர் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது அதுவே என்று காட்டினால் போதும். முதல் அடியைப் பொறுத்தவரை அந்தப் பதிவேடே இதைச் செய்துவிட்டது.

சிக்கல் இரண்டாவது அடியில் இருந்தது. பிரேதப் பரிசோதனைச் சான்றின்படி ஒரு காயம் நெற்றியில், மற்றொன்று பின்மண்டையில். ஆபத்து குறித்த நியாயமான அச்சம் நீடிக்கும் வரைதான் தற்காப்புரிமையும் நீடிக்கும் என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. தாக்கப்படுபவர் தம் எதிர்ப்பைப் படிப்படியாகக் கணக்கிட்டு நடத்துவார் என்று எதிர்பார்க்கலாகாது என 2010-ஆம் ஆண்டின் தர்ஷன் சிங் தீர்ப்பு சொல்கிறது. இரண்டும் சரியே என்றாலும், விழுந்து கிடந்தவரை அடித்திருந்தால் அந்தத் தீர்ப்பு உதவாது. நீதிமன்றம் அப்படித்தான் கொண்டது. முதல் அடியை ஏற்று, இரண்டாவதில் உரிமை வரம்பு மீறப்பட்டது என்று முடிவு செய்து, அத்தகைய வரம்பு மீறலுக்கான 300-ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கின்கீழ் கொலைக் குற்றத்தை, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 304-ஆம் பிரிவின் முதல் பகுதிக்குக் குறைத்தது.

அந்த முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பின்மண்டைக் காயத்தை மட்டும் கொண்டு, இறந்தவர் அப்போது விழுந்து கிடந்தாரா, அரிவாளோடு மறுபடி ஓங்கத் திரும்பினாரா என்று பிரித்தறிய முடியாது. ஒரே சம்பவம் பற்றி இருதரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலை ஆணை 566 கூறுகிறது. ஆனால் மருத்துவமனையில் என் கட்சிக்காரர் கொடுத்த புகாரின் மீது வழக்கே பதியப்படவில்லை. அதனால் அரிவாளையும் யாரும் தேடவில்லை. சம்பவ இடத்தைப் பார்வையிட்டுக் காவல்துறை எழுதும் பார்வை மகஜரின்படி, ரத்தம் தோய்ந்த மண் உடல் கிடந்த இடத்தில் மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. முன்கை வெட்டுப்பட்ட இடத்திலும் மண் எடுத்திருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்தாவது, முதல் அடிக்குப் பிறகும் மோதல் நகர்ந்துகொண்டிருந்ததா என்று நீதிமன்றத்தால் கேட்டிருக்க முடியும்.