எந்தப் பச்சை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெண்கலத்துக்கு ஓய்வே கிடையாது. கடலின் உப்புக்காற்றும் கோடைப் புழுக்கமும் அதை விடாது. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே இறக்கியது. அதற்குப் பின் வந்து சேர்ந்த குடும்பங்களின் விளக்கும் செம்பும் பூசைமணியும்தான் பழைய உலோகப் பொருள்களைச் சோதித்துப் பாதுகாக்கும் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

கொண்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, பளபளன்னு ஆக்கிக் குடுங்க.” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செம்பில் படியும் பச்சைக் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் கேட்டு வளர்ந்த வீடுகளில் களிம்பு என்றாலே அழுக்கு. வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்தால்தான் மனசு ஆறும். ஆனால் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே சரக்கல்ல. தேய்ப்பதற்கு முன் எந்தப் பச்சை என்று பார்த்தாக வேண்டும். இதை மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

அண்மையில் ஒரு ஆன்ட்டி வெண்கலக் குத்துவிளக்கு ஒன்றைக் கொண்டு வந்தார். எண்ணெய்க் குழியில் மெழுகுப் பதத்தில் கரும்பச்சை. நகம் வைத்து அழுத்தினால் தடம் பதிந்தது. அடித்தட்டின் ஓரத்தில் வேறு பச்சை: வெளிறிய பொடி, தொட்டால் உதிர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பொடிக்கு அடியில் சின்னச் சின்னக் குழிகள்.

எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இரண்டு இடத்திலும் செம்பு, வெள்ளீயம், ஈயம் என்றுதான் காட்டியது. அது தனிமத்தைச் சொல்லும், தனிமங்கள் சேர்ந்து என்ன சேர்மமாக இருக்கின்றன என்று சொல்லாது. வெண்கலத்தை அரிக்கும் குளோரின் இருந்தாலும், அதன் வலுக்குறைந்த கதிரைக் காற்றே பெருமளவு விழுங்கிவிடும். ஆகவே ஊசிமுனை அளவு பொடி எடுத்து மற்ற சோதனைகளுக்குப் போனோம். அகச்சிவப்பு நிறமாலையில், எண்ணெய்க் குழியில் இருந்தது எண்ணெயின் கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்த சோப்பு என்று தெரிந்தது. பல வருஷம் விளக்கேற்றியதன் தடயம் அது. அடித்தட்டுப் பொடி, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி சோதனையில், அட்டகமைட் வகைச் செம்புக் குளோரைடு என்று வந்தது. அதுதான் வெண்கல நோய்.

இந்த நோயில், குழிகளுக்கு உள்ளே செம்பு குளோரைடு ஒளிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் பச்சைப் பொடியாகும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவந்து புதுச் செம்பைத் தின்னும். அதிலிருந்து மறுபடி குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். டர்பன் கோடையிலோ அது 75ஐ எளிதாகத் தாண்டும்.

புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. புளியின் அமிலம் மேலே இருக்கும் பச்சையை மட்டுமல்ல, உலோகத்தை ஒட்டிக் காவலாக இருக்கும் குப்ரைட் என்ற செந்நிறச் செம்பு ஆக்சைடு படலத்தையும் கரைத்துவிடும். உப்போ குழிக்குள் புதிதாகக் குளோரைடைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அன்றைக்குப் பளபளக்கும், நோய் உள்ளே வளரும்.

அப்புறம், பெயர். விளக்கின் தண்டில் உளியால் புள்ளி புள்ளியாகத் தமிழில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. புள்ளிகளுக்குள் தங்கிய கருஞ்சிவப்பால்தான் எழுத்தே தெரிந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய பக்கத்தில் கடைசி எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அதைக் காட்டியதும் ஆன்ட்டி பளபளப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடித்தட்டில் மட்டும் பொடியை ஊசியால் நீக்கி, ஆல்கஹாலில் கரைத்த பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பான் கொடுத்து, மேலே மெழுகு பூசினோம். தண்டைத் தொடவில்லை. “ஏத்தலாமா தம்பி?” என்றார். தைப்பூசத்துக்கு ஏற்றுங்கள், முடிந்ததும் எண்ணெயை நன்றாகத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், புளியும் உப்பும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, அதையே ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.