பெயின்ட் டப்பா ஷிம்

சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்பு நின்றால் எல்லாமே நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒரு பம்பில், ரீவைண்டிங் (உள்ளே கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) முடிந்து வந்த மோட்டாரை மாட்டினோம். இரண்டு துருவ மோட்டார், நிமிடத்துக்கு 2985 சுற்று. ஓடவிட்டதும், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் பக்க பேரிங்கில் அதிர்வு வினாடிக்கு 4 மி.மீட்டருக்கும் 7-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லை 4.5.

சத்தமும் அதே மாதிரிதான். ஊம்… ஊம்… என்று இரண்டு வினாடிக்கு ஒருமுறை எழுந்து அடங்கியது. அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். நான் அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியைத்தான் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய பீக், அதாவது முகடு. சுழலும் வேகத்தின் இரட்டிப்பில் பீக் வந்தால் அலைன்மென்ட் கோளாறு, அதாவது இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று படித்திருந்தேன். அப்புறம் என்ன யோசனை?

ஃபிட்டர்கள் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்து அலைன்மென்டைப் பார்த்தார்கள். 0.04 மி.மீ., குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாளும் அதேதான். எலக்ட்ரிகல்காரர்கள் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டிக் காட்டினார்கள்: 1.8. "மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு, உங்க பம்பைப் பாருங்க." பம்பு பேரிங்கைத் திறந்தோம், அதில் ஒரு குறையும் இல்லை. கப்ளிங் எங்கள் ஆலையில் ஒரு வரப்பு மாதிரி. அந்தப் பக்கம் அவர்கள் நிலம், இந்தப் பக்கம் எங்களுடையது.

இரண்டாம் நாள் ராத்திரிதான் என் தவறு பிடிபட்டது. கருவியை 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் 400 கோடுகளாகப் பிரித்துக் காட்டும்படி வைத்திருந்தேன். கோட்டுக்குக் கோடு 1.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. 2985 சுற்று என்றால் வினாடிக்கு 49.75, அதன் இரட்டிப்பு 99.5. மோட்டாருக்குள் காந்த இழுப்போ மின்சாரத்தின் 50-க்கு இரட்டிப்பாக, 100-இல் துடிக்கும். அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் நின்ற இரண்டையும் கருவி ஒன்றாகக் காட்டியிருக்கிறது. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இரண்டு வினாடிக்கு ஒருமுறை 'ஊம்' போட்டதும் அந்த இரண்டும்தான். 200 ஹெர்ட்ஸ், 3200 கோடுகள் என்று மாற்றி 16 வினாடி காத்திருந்தேன். 99.5-இல் பெரிய பீக், 100-இல் சின்னது.

சந்தேகம் தீர மோட்டாரை நிறுத்திப் பார்த்தோம். மின்சாரம் போன கணத்திலேயே ஏற்ற இறக்கம் நின்றது. மீதி அதிர்வு வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கியது. ஆக, மின் கோளாறும் உண்டு, இயந்திரக் கோளாறும் உண்டு. இரண்டு தரப்புக்கும் மறுபடி சண்டை போட நல்ல சாக்கு.

ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த ஃபிட்டர் ஒருவர், "ரெண்டு வியாதி ஒரே நாள்லயா சார் வரும்? காலைப் பாருங்க" என்றார். மோட்டாரின் ஒவ்வொரு காலிலும் டயல் வைத்து, அந்தந்த போல்ட்டை மட்டும் தளர்த்தினார். மூன்று கால்கள் அசைந்ததே தெரியவில்லை. நான்காவது 0.25 மி.மீ. மேலே எழும்பியது. 0.05-ஐத் தாண்டினாலே சரிசெய்ய வேண்டும்.

அந்தக் காலை இழுத்து இறுக்கும்போது ஃபிரேம் முறுகி, உள்ளே சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவிலுள்ள ஏர் கேப் ஒரு பக்கம் குறுகியிருக்கிறது. அதுதான் 100. சரி, டயலில் 0.04 எப்படி வந்தது? ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தளர்த்தி அலைன்மென்ட் பார்த்து, முடித்தபின் 'கடைசியா ஒரு இறுக்கு' போடுவது எங்கள் வழக்கம். நொண்டிக்காலில் அந்த இறுக்கு ஷாஃப்டை நகர்த்திவிடும். அதுதான் 99.5. இறுக்கியபின் மறுபடி டயல் வைத்தவர் யாரும் இல்லை, நான் உட்பட.

காலுக்கு அடியில் எட்டு ஷிம்கள் (உயரத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தன. பாதி துருப்பிடித்தவை. ஒன்று பெயின்ட் டப்பாவிலிருந்து வெட்டிய தகரம், நீல நிறம்கூடப் போகவில்லை. தேய்த்துச் சுத்தம் செய்து, ஸ்டெயின்லெஸ் ஷிம் மூன்றே மூன்று வைத்து, இறுக்கியபின் டயல் பார்த்து ஓட்டினோம். 1.6. 'ஊம்' போய்விட்டது.

தகரத்தை வைத்தது யாரென்று கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம், மாற்றாக வைத்திருந்த ஸ்டாண்ட்பை பம்பின் மோட்டார் காலையும் தளர்த்திப் பார்த்தோம். அதில் நீலத் தகரம் இரண்டு இருந்தது.