அறுபது மாதங்களும் இரண்டு மாதங்களும்

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பெரும்பாலும் டி.வி.-எல் எனப்படும் மாநில அரசு ஊதிய அட்டவணையின் இ-13 நிலையில்தான் சம்பளம் தருகிறார்கள். ஆனால் பல துறைகளில் முழுச் சம்பளம் அல்ல, துறையைப் பொறுத்து அதில் பாதியோ, 65 அல்லது 75 விழுக்காடோதான் கிடைக்கும். என்னுடைய ஒப்பந்தம் 65 விழுக்காடு. ஆய்வகத்தில் நான் கழித்த நேரம் எத்தனை விழுக்காடு என்று யாரும் கேட்டதில்லை.

முதல் சம்பளச் சீட்டில் வருமான வரி, மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என்று வரிசையாக நின்ற பிடித்தங்களில் எனக்குப் புரியாத ஒன்று தேவாலய வரி. நகராட்சியில் முகவரியைப் பதிந்தபோது மதம் கேட்ட இடத்தில் கத்தோலிக்கர் என்று எழுதியதன் விலை அது: வருமான வரியின் மேல் இன்னும் 9 விழுக்காடு.

ஓய்வூதியக் காப்பீட்டுக்கு நம் சம்பளத்தில் 9.3 விழுக்காடு போகிறது. அதே அளவு தொகையைப் பல்கலைக்கழகமும் செலுத்துகிறது. 60 மாதங்கள் செலுத்தியிருந்தால்தான் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. அதற்குள் இந்தியா திரும்பிவிட்டால், 24 மாதங்கள் காத்திருந்து நம் பங்கை மட்டும் திரும்பப் பெறலாம். பல்கலைக்கழகம் செலுத்திய பங்கு நமக்கு வராது.

இதைத் தவிர, அரசுப் பணியாளருக்கான வி.பி.எல் என்னும் துணை ஓய்வூதியமும் இருக்கிறது. அதற்கும் 60 மாதக் கணக்குதான். ஒப்பந்தக் காலம் அதை எட்டாத ஆய்வாளர்கள், பணியில் சேர்ந்த இரண்டு மாதங்களுக்குள் எழுதிக் கேட்டால் எக்ஸ்ட்ரா என்னும் மாற்றுத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதில் நிறுவனம் செலுத்தும் தொகை காத்திருப்புக் காலமின்றி நம் பெயரிலேயே நிற்கும். முதல் நாள் தந்த கட்டுக் காகிதங்களுக்கு நடுவே ஜெர்மன் மொழியில் இருந்த அந்தப் படிவத்தை நான் பிரித்துப் படித்தபோது ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

உதவித்தொகையில் வந்த தோழிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வரிப் பிடித்தம் இல்லாததால் மாதத் தொகை முழுதாகக் கைக்கு வருகிறது. ஆனால் மருத்துவக் காப்பீட்டை அவளே கட்டுகிறாள், ஓய்வூதியக் கணக்கில் ஒரு மாதம்கூடச் சேரவில்லை, ஆய்வு முடிந்து வேலை தேடும் நாட்களில் வேலையின்மைப் படியும் கிடையாது.

என் கணக்கில் இப்போது 48 மாதங்கள் இருக்கின்றன. 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜெர்மன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, தகுதியைக் கணக்கிட இரு நாட்டுக் காப்பீட்டுக் காலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளும், வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தேன். கிளம்பும்போது அந்தப் பணத்தை எடுக்கச் சோம்பல்பட்டது இப்போது உதவுகிறது. எனவே இங்குள்ள பங்கைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறேன்.