லாரி ரிம்மில் ஒரு கரி அடுப்பு

வீடு கட்டி முடித்து இரண்டு வருஷமாகியும் கொல்லைப் பக்கம் மிச்சமீதி அப்படியே கிடந்தது. 12 ஹாலோ பிளாக், நூறு செங்கல் இருக்கும், வளைந்து நெளிந்த 8 எம்.எம். கம்பித் துண்டுகள். "பாம்பு குடி வர்றதுக்குள்ள எடுத்துப் போடுங்க" என்று வீட்டில் தினம் ஒரு பாட்டு. எடுத்துப் போட மனசு வரவில்லை. கோழியைக் கரியில் சுட ஒரு அடுப்பு கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

காட்பாடியில் எனக்குப் பழக்கமான காயலான் கடை பாயிடம் முதலில் 200 லிட்டர் டிரம்தான் கேட்டேன். நீளவாக்கில் பிளந்தால் வேலை முடிந்தது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் காட்டிய டிரம்மின் மூடியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. "இதுல இன்னா வந்துச்சு பாய்?" "அது எனக்கு இன்னாப்பா தெரியும்? ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து வந்த லோடு." தோல் ஷெட்டும் கெமிக்கலும் இருக்கிற ஊர். எதை ஊற்றி வைத்திருந்தார்களோ, அதில் சோறு தின்ன நான் தயாரில்லை. திரும்பும்போதுதான் மூலையில் சாய்த்து வைத்திருந்த லாரி ரிம் கண்ணில் பட்டது. 20 இஞ்ச், ஓரத்தில் மட்டும் ஒரு வெடிப்பு. வண்டிக்கு ஆகாது, எனக்கு ஆகும். 42 கிலோ, கிலோ 45 ரூபாய், பேரம் பேசி 1,800. ஆட்டோவிலிருந்து இறக்கி கொல்லைக்கு உருட்டிப் போவதற்குள் இடுப்பு போச்சு.

ரிம்மைத் தட்டுப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி கிடத்தினால் அதுவே ஒரு சட்டி. நடுவில் பெரிய ஓட்டை, அதற்கு விரிசல் விட்ட பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்டேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சுற்றி இருக்கிற சின்ன ஓட்டைகள் காற்றுக்கு. பெயிண்டும் பழைய கிரீஸும் போக ஒரு மணி நேரம் விறகு போட்டு வெறும் ரிம்மை எரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அந்த நாற்றம் தெருக்கோடி வரை போனது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணி காய்கிறதைப் பார்க்காதது என் தப்பு. யக்கா ரெண்டு நாள் பேசவில்லை.

அடுத்த தப்பு பெரியது. பீடத்துக்கு ஹாலோ பிளாக்கை அடுக்கி சிமென்ட் கலவை போட்டுப் பூசினேன். நாலு நாள் தண்ணி காட்டி, ஐந்தாம் நாள் ஆசையாக நெருப்பு வைத்தேன். இருபது நிமிஷம் இருக்கும், 'டப்' என்று ஒரு சத்தம், உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று என் செருப்பை உரசிக்கொண்டு போனது. நாலு நாள் தண்ணி காட்டினேனே, அது உள்ளே தங்கியிருந்திருக்கிறது. சூட்டில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிட்டது. காய்ந்த சிமென்ட்டும் 400 டிகிரிக்கு மேல் பிடிமானம் விட்டு உதிர ஆரம்பிக்கும். செங்கல் சூளையில் வெந்து வந்தது, அதற்கு இந்தச் சூடு புதிதில்லை.

அணைக்கட்டு ஊரிலிருந்து வந்திருந்த அத்தை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடா இது, சிமென்ட்டு போட்டு எவனாச்சும் அடுப்பு கட்டுவானா?" மறுநாளே ஒரு மூட்டை புற்றுமண்ணுக்கு ஆள் சொல்லி, உமியும் சாணமும் சேர்த்து அவளே மிதித்துக் கொடுத்தாள். எவ்வளவு உமி என்று கேட்டதற்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு உருண்டை பிடித்துத் தரையில் போட்டுப் பார்த்தாள். சிதறினால் தண்ணி பத்தலை, அப்பளம் மாதிரி தட்டையானால் தண்ணி அதிகம். லேசாக அமுங்கி உருண்டையாகவே நிற்க வேண்டும். செங்கலை அந்த மண்ணில் வட்டமாக அடுக்கி, உள்ளும் புறமும் மெழுகினோம். அக்னி நட்சத்திரம் வேறு. காலையில் பூசியது மதியத்துக்குள் காய்ந்து கோடு கோடாக வெடித்தது. மறுபடி மெழுகி, ஈரச் சாக்கைப் போர்த்தி மூன்று நாள் நிழலிலேயே காயவிட்ட பிறகுதான் நின்றது.

கம்பித் தட்டுக்குப் பாய் ஒரு ஜி.ஐ. வலையைச் சும்மாவே கொடுத்தார். வெல்டிங் பட்டறை அண்ணன் அதைத் தூக்கித் தூரப் போட்டார். "துத்தநாகம் பூசினது தம்பி. இந்தப் புகையை இழுத்துட்டு ராத்திரி குளிர் ஜுரத்துல நான் நடுங்கியிருக்கேன்." துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகிவிடும், கரி நெருப்பு அதையெல்லாம் சுலபமாகத் தாண்டும். பழைய ஃபிரிட்ஜ் தட்டும் வேண்டாம் என்றார், அதிலும் ஏதோ பூச்சு. கடைசியில் என் 8 எம்.எம். கம்பியையே நிமிர்த்தி, அரை இஞ்ச் இடைவெளியில் பற்ற வைத்துக் கொடுத்தார். ஒரே குறை, அது முறுக்குக் கம்பி. வரி வரியாக இருப்பதில் கறி ஒட்டிக்கொண்டு பிய்கிறது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துச் சூடான கம்பியில் தேய்த்தால் பாதி சமாளிக்கலாம். மழமழ கம்பி கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

இவ்வளவும் முடித்துக் கரியைப் போட்டால், அடுப்பு எரியவே இல்லை. வெறும் புகை. விசிறி விசிறிக் கை ஓய்ந்தது. அத்தையின் மெழுகலில் அடிப்பக்கம் ஒரு விரற்கடை கூட ஓட்டை இல்லை! ரிம்மில் ஓட்டை இருந்து என்ன, பீடத்துக்குள் காற்று நுழைய வேண்டாமா? மேற்குப் பக்கம் இரண்டு செங்கலைக் கடப்பாரையால் தட்டி எடுத்தேன். கை எடுக்கவில்லை, கரி 'புஸ்'ஸென்று பிடித்துக்கொண்டது. இப்போது அதிகம் எரிந்தது. கூரைக்குப் போடுகிற நாட்டு ஓடு ஒன்றை அந்த வாசலில் சாத்தி வைத்தேன். அந்த ஓடு நகர்த்துவதுதான் இந்த அடுப்பின் ரெகுலேட்டர்.

கரி சீமைக் கருவேலக் கரி. இதன் உறவுக்கார மரத்தைத்தான் அமெரிக்காவில் மெஸ்கீட் என்று காசு கொடுத்து வாங்கிக் கறி சுடுகிறார்கள். நாம் ஏரியில் மண்டிவிட்டது என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு கோழிக் கால், ஒரு கிலோ இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். கரி சாம்பல் பூத்ததும் தட்டுக்கு மேல் கையை நீட்டி எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டி வந்தது. கோழிக்கு அது அதிகம். கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறு பக்கம் வைத்தேன். முதல் இரண்டு கால் அதற்குள் வெளியே கருகி, எலும்போரம் சிவப்பாக இருந்தது. மீதி நாலும் நாற்பது நிமிஷத்தில் பதமாக வெந்தன. கத்திரிக்காய் அப்படியில்லை, நேராக நெருப்புக்கு மேலேயே கிடந்து தோல் கருகிச் சுருங்கியது. அத்தை உரித்து, புளியும் பச்சை மிளகாயும் வைத்துப் பிசைந்தாள். கோழியை விட அதுதான் முதலில் காலியானது.

மூடி ஒன்று பாக்கி. பாயிடம் பழைய பிரியாணி தேக்சா மூடி இருக்கிறது, ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசியது, 232 டிகிரியில் உருகி வழியும். இரும்பில் ஒன்று வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை ரிம்மைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தால் உள்ளே பூனை படுத்திருந்தது.