பன்றிக்கறியை வரியாக வாங்கிய மாநிலம்

இரண்டு நாளாக அமெரிக்க அரசியல்வாதி ஜான் செவியரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1745இல் வர்ஜீனியாவில் பிறந்தவர், காலனிக் காலத்துப் படை அதிகாரி. 1780 அக்டோபரில், அமெரிக்க விடுதலைப் போரின் கிங்ஸ் மவுன்டன் சண்டையில், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே இருந்த குடியேறிகளைக் கூட்டிப்போய் பிரிட்டிஷ் தரப்பை ஜெயித்தவர்களில் ஒருவர். அப்புறம் அரசியல்.

1784இல் வடக்கு கரோலினாவிலிருந்து பிரிந்து 'ஃபிராங்க்ளின்' என்று தனி மாநிலம் அறிவித்தார்கள். ஆளுநர் செவியர்தான். கையில் காசு புழங்காத ஊர். அதனால் வரியைப் பொருளாகவே கட்டலாம் என்று சட்டம் போட்டார்கள்: நீர்நாய்த் தோல், உப்பிட்ட பன்றிக்கறி, தேன்மெழுகு, புகையிலை, கம்பு விஸ்கி. அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஒரு அரசாங்கம் பிறக்கும் வாசனை அதில் அடிக்கிறது! ஆனால் அதை மாநிலமாக ஏற்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒன்பது மாநிலங்களின் ஆதரவு தேவை, கிடைத்தது ஏழுதான். நாலைந்து வருடத்தில் எல்லாம் கலைந்தது.

1796இல் அந்தப் பகுதியையும் சேர்த்து டென்னசி மாநிலம் உருவானபோது முதல் ஆளுநரும் அவரே.

என்னால் தாண்டிப்போக முடியாத இடம் ஒன்று உண்டு. அந்த நிலமெல்லாம் அங்கிருந்த பூர்வகுடிகளான செரோக்கி மக்களுடையது. செவியரின் படை அவர்களுடைய ஊர்களை எரித்தது. 1788இல், சமாதானக் கொடியை நம்பி வந்த முதிய தலைவர் ஓல்ட் டாசலை செவியரின் படையாட்களே கொன்றார்கள். செவியர் அப்போது அங்கே இல்லை என்கிறார்கள். சரி, ஆனால் படை அவருடையதுதானே? ஃபிராங்க்ளின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கிழவரின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.