128 × 64 பிக்சலுக்குள் ‘தண்ணீர்’

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சமையலறையில் நின்றபடியே பார்க்க வேண்டும், அதையும் தமிழில் பார்க்க வேண்டும். இதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. தொட்டி மூடிக்கு அடியில் வைத்த சென்சார் இரண்டு மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. அளவைக் கீழே அனுப்பியும் விடுகிறது. அதை இதுவரை நான் லேப்டாப்பில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அம்மா. சென்டிமீட்டர் கணக்கு அவருக்கு எதற்கு? ‘தண்ணீர் அரை’, ‘தண்ணீர் முக்கால்’ என்று சுவரில் தெரிந்தால் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் 0.96 அங்குல ஓலெட் திரை ஒன்று வாங்கிவந்தேன். குறுக்கே 128 பிக்சல், நெடுக்கே 64. ஆக 8,192 பிக்சல்கள். ஒவ்வொன்றும் எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். மங்கலாக எரிவது என்பதெல்லாம் கிடையாது. உள்ளே இருக்கும் சிப் எஸ்எஸ்டி 1306. அதை ஓட்டுவதற்கு என்னிடம் ஏற்கெனவே இருந்த ஆர்டுவினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகை. மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, ஐ2சி என்ற தொடர்பு முறையில் தகவல் அனுப்ப இரண்டு கம்பி, அவ்வளவுதான் இணைப்பு.

முதல் நாள் மாலை முழுக்கத் திரை கறுப்பாகவே இருந்தது. திரையின் பின்பக்கம் முகவரி 78 என்று, பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், அச்சிட்டிருந்தார்கள். நம் கணக்கில் அது 120. நானும் அதையே கொடுத்தேன். ஐ2சி முகவரிக்கு உண்மையில் 7 பிட்தான் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1). அதன் வால் பக்கம் படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் ஒரு பிட்டையும் சேர்த்து 8 பிட்டாக எழுதினால் எண் இரட்டிப்பாகிவிடும். ஆர்டுவினோ எதிர்பார்ப்பது அந்த வால் பிட் இல்லாத எண்ணை, அதாவது 60. அதைக் கொடுத்ததும் திரை முழுக்க மணல் தூவியது போலப் பிக்சல்கள் எரிந்தன. மின்சாரம் வந்த நேரத்தில் திரையின் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதுதான் அந்த மணல். இதே திரை வாங்கியிருப்பவர்கள் கறுப்பைப் பார்த்தால் முதலில் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

அடுத்து எழுத்து. எதில் தொடங்குவது என்று யோசித்து ‘ட’வை எடுத்தேன். இடப்பக்கம் ஒரு நேர்கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. தமிழில் இதைவிட எளிதாகக் கட்டத்துக்குள் உட்காரும் எழுத்து இல்லை. 8 × 8 கட்டம் போட்டு, நாம் படிக்கும் முறையிலேயே வரிவரியாக எண்ணாக மாற்றினேன். ஒரு வரியில் இடக்கோடி பிக்சலுக்கு 128, அடுத்ததற்கு 64, இப்படிப் பாதிபாதியாகக் குறைந்து வலக்கோடிக்கு 1; எரிபவற்றைக் கூட்டினால் அந்த வரியின் எண். மேலிருந்து ஏழு வரிகளில் இடக்கோடி பிக்சல் மட்டும் எரிய வேண்டும், அதற்கு 128. கடைசி வரி முழுக்க எரிய வேண்டும், அதற்கு 255. அனுப்பினால் திரையில் வந்தது கண்ணாடியில் பார்த்த ‘ட’. நேர்கோடு வலப்பக்கம் போயிருந்தது.

காரணம் பிடிபட்டபோதுதான் இந்தத் திரை எப்படி யோசிக்கிறது என்பதே விளங்கியது. இது வரிவரியாகப் படிப்பதில்லை. 64 பிக்சல் உயரத்தை எட்டெட்டாக 8 பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பைட் என்றால் ஒரு பட்டைக்குள் செங்குத்தாக நிற்கும் 8 பிக்சல்கள். மேலே இருப்பது 1, அடியில் இருப்பது 128. ஆக நான் அனுப்பிய ஏழு 128-களும் அடிக்கோட்டை வரைந்துவிட்டன, கடைசி 255 வலப்பக்கம் தூணாக நின்றுவிட்டது. சரியான ‘ட’ இப்படி: 255, 128, 128, 128, 128, 128, 128, 128. கடைசி 128-ஐ 255 ஆக்கினால் அதுவே ‘ப’. இந்த ஒரு மாற்றத்தைச் செய்து ‘ட’ ‘ப’ ஆவதைப் பார்த்தபோது, கணினி வரைகலை என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது போல இருந்தது. திரை என்பது வெளிச்சம் போட்டுக் காட்டப்படும் நினைவகம். அதில் எந்த எண் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் படம்.

நினைவகம் என்றதும் அடுத்த சிக்கல். 8,192 பிக்சலுக்கு 1,024 பைட் வேண்டும். யூனோவிடம் இருப்பதே 2,048 பைட். வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) திரையின் முழுப் பிரதி ஒன்றை யூனோவின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதில் வரைந்து, பிறகு மொத்தமாக அனுப்பும். பாதி நினைவகம் அதற்கே போய்விடும். 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆல்டோ என்ற கணினியைச் செய்தார்கள். எழுதும் தாள் போல நெட்டுக்குத்தாக நிற்கும் அதன் திரையில் 606 × 808 பிக்சல். கணக்குப் போட்டால் 61,206 பைட். அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 128 கிலோபைட். அவர்களும் ஏறத்தாழப் பாதியைத் திரைக்கே கொடுத்திருக்கிறார்கள்! நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் அப்படிக் கொடுக்கத் துணிந்ததால்தான் திரையில் எந்த எழுத்துருவையும் எந்தப் படத்தையும் போட முடிந்தது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

நான் வேறு வழியில் போனேன். திரைக்குள்ளேயே 1,024 பைட் இருக்கிறதே, அதில் நேராக எழுதிவிட்டால் யூனோவில் பிரதி எதற்கு? ஒரு தொல்லை மட்டும் உண்டு. ஐ2சி வழியாக இந்தச் சிப்புக்கு எழுத மட்டுமே முடியும், உள்ளே இருப்பதைத் திரும்பப் படிக்க முடியாது. ஏற்கெனவே இருப்பதன் மேல் ஒரு கோட்டைச் சேர்க்க வேண்டுமானால் அங்கே என்ன இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எழுத்தின் உயரத்தைச் சரியாக 24 பிக்சல், அதாவது மூன்று பட்டை, என்று வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் பட்டைக்குள் நுழையாது. மேலே புள்ளி வைக்க வேண்டிய எழுத்தை மட்டும் ஒரு சிறிய இடத்தில் முதலில் சேர்த்துவிட்டு அனுப்புகிறேன்.

இனி தமிழ். இங்கேதான் மூன்று வாரம் போனது, சந்தோஷமாகவே போனது.

கணினிகள் எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் பொதுமுறையான யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் இருக்கின்றன. ‘தொட்டி’ என்று தட்டினால் உள்ளே த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி என்று ஆறு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18. ஆனால் கையால் எழுதும்போது நாம் முதலில் கொம்பைத்தான் போடுகிறோம், அப்புறம் த, அப்புறம் கால். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் கொம்பு முதலில்தான். அலைபேசியிலும் கணினியிலும் இந்த இடமாற்றத்தை எழுத்துரு இயந்திரம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. யூனோவில் அதை நானே எழுத வேண்டியிருந்தது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு மூன்றும் வந்தால் முந்தைய மெய்க்கு முன்னே தள்ளு. ஒகர, ஓகார, ஔகாரக் குறி வந்தால் இரண்டாகப் பிளந்து மெய்யை நடுவில் வை. உகர ஊகாரம் வந்தால் தனிப் படம் எடு, ஏனென்றால் கு, சு, து ஒன்றுக்கொன்று சாயலே கிடையாது.

இதில் ஒரு பிழை இரண்டு நாள் ஓடவிட்டது. யூனிகோடு எண்ணைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘த’ 224, 174, 164. புள்ளி 224, 175, 141. சிலவற்றைப் பார்த்துவிட்டு 174 என்றால் எழுத்து, 175 என்றால் குறி என்று முடிவு கட்டிவிட்டேன். ‘தண்ணீர்’ அழகாக வந்தது. ‘முக்கால்’ மட்டும் ‘முக்கல்’ என்று வந்தது, நடுவில் ஓர் ஓட்டையோடு. காலும் (174, 190) இகரக் குறியும் (174, 191) அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கின்றன. ஈகாரக் குறி 175, 128-இல் தொடங்குகிறது. ‘தண்ணீர்’ சொல்லில் காலும் இல்லை, இகரமும் இல்லை, அதனால்தான் அது சரியாக வந்து என்னை நம்ப வைத்தது. யாராவது தமிழ் எழுத்துகளைக் காட்டும் நிரல் எழுதினால், சோதனைச் சொல்லாக ‘தொட்டி’யையும் ‘முக்கால்’ஐயும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வரைவது முழுக்கக் கட்டம் போட்ட நோட்டில்தான். முதலில் எல்லா மெய்க்கும் 14 பிக்சல் அகலம் என்று வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், “ரெண்டு சுழிதானே இருக்கு, தன்னீர்னு போட்டிருக்கியே” என்றார். நான் மூன்று சுழி ண வரைந்திருந்தேன். ஆனால் 14 பிக்சலுக்குள் மூன்றாவது சுழியின் உள்வெளி ஒரே பிக்சலாகச் சுருங்கி, இரண்டடி தள்ளிப் பார்த்தால் மூடிக்கொண்டது. சுழிக்குள்ளே குறைந்தது இரண்டு பிக்சல் இருட்டாக இருந்தால்தான் கண் அதைச் சுழி என்று எடுத்துக்கொள்கிறது. ண-வுக்கு 20 பிக்சல் கொடுத்தேன், ர-வுக்கு 8 போதும் என்று குறைத்தேன். இப்போது தண்ணீர் என்ற சொல்லின் அகலம் 62 பிக்சல். தமிழில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுப்பது எழுத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது என் திடமான எண்ணம்.

மொத்தம் எத்தனை படம் வேண்டும் என்று எண்ணினேன். உயிர் 12, ஆய்தம் 1, மெய் உருவங்கள் 18, கால் 1, கொம்புகள் 3, புள்ளி 1, இகர ஈகாரத்துக்கு 36, உகர ஊகாரத்துக்கு 36. ஆக 108 படத்தில் 247 எழுத்தும் முடிந்துவிடுகிறது. இதில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய், சாதாரணக் காலும் ஐகாரக்கொம்பும் வந்தன. பாட்டியின் கணக்கு நோட்டில் ‘விலை’ என்ற சொல் வரும் இடமெல்லாம் துதிக்கை தூக்கிய அந்தப் பழைய லை இருக்கும். பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவை நீடித்திருந்தால் எனக்கு இன்னும் ஏழு படம் வரைய வேண்டியிருக்கும்.

எழுத்துக்குப் பக்கத்தில் சிறிய தொட்டிப் படம் ஒன்றும் போட்டேன். 24 பிக்சல் அகலம், திரையின் முழு உயரம். அதற்கு மட்டும் 192 பைட்டில் தனிப் பிரதி. தொட்டியின் தோள் சரிவாக இருப்பதால் சாய்ந்த கோடு வேண்டும். யூனோவில் தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் கிடையாது. இதற்கென்றே அமைந்தது போல இருந்தது ஜாக் பிரெசன்ஹாம் கண்டுபிடித்த முறை. 1962-இல் ஐபிஎம்மில் கோடு வரையும் பிளாட்டர் கருவிக்காக அவர் எழுதியது அது. 1965-இல் ஆய்விதழில் வெளியானது. பெருக்கல் வகுத்தல் வேண்டாம், முழு எண்களைக் கூட்டிக் கழித்தால் போதும். குறுக்கே 7, மேலே 3 போக வேண்டிய கோட்டைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியிலும் ஒரு பாக்கியைச் சுமந்துகொண்டே போகிறோம்; பாக்கி பூஜ்யத்தைத் தாண்டினால் ஒரு பிக்சல் மேலே ஏறிப் பாக்கியைக் குறைத்துக்கொள்கிறோம். உயரம் 0, 0, 1, 1, 2, 2, 3, 3 என்று வந்தது. திரையிலும் அதே படிக்கட்டு.

எல்லாம் முடிந்து சுவரில் மாட்டிய பிறகு இரண்டு குறைகள். காலை எட்டு மணிக்குச் சமையலறை ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழும், எழுத்து தெரியவில்லை. ஓலெட் தன் சொந்த வெளிச்சத்தில் எரிவது. இந்தச் சிறிய வகையில் 64 வரிசைகளும் ஒரே நேரத்தில் எரிவதும் இல்லை. ஒவ்வொரு வரிசையாக மாறிமாறி எரிந்து நம் கண்ணில் ஒன்றாகச் சேர்கிறது. அலைபேசியில் வீடியோ எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுவது இதனால்தான். வெயிலோடு போட்டியிட அந்த வெளிச்சம் போதாது. அடுத்தது, ‘தண்ணீர்’ என்ற சொல் எந்நேரமும் ஒரே இடத்தில் எரிந்தால் அந்தப் பிக்சல்கள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து மங்கிவிடும்.

அதனால் போன வாரம் வேறு திரைக்கு மாறினேன். 1998-இல் வந்த நோக்கியா 5110 அலைபேசியில் இருந்த அதே வகை எல்சிடி, 84 × 48. இது தானாக எரிவதில்லை. விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியே எழுத்தைக் காட்டுகிறது. வெயில் ஏற ஏறத் தெளிவு கூடுகிறது. 48 உயரத்தில் என் 24 பிக்சல் எழுத்து சரியாக இரண்டு வரி உட்காரும்: மேலே ‘தண்ணீர்’, கீழே ‘முக்கால்’. தொட்டிப் படத்துக்கு இடமில்லை, எடுத்துவிட்டேன். இந்தத் திரைக்கு 3.3 வோல்ட், யூனோ தருவது 5 வோல்ட். நடுவில் மின்னழுத்தம் மாற்றும் சிறு பலகை ஒன்றைப் போட மறக்காதீர்கள்.

108 படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்குமோ என்ற கவலையோடுதான் முதலில் ‘ட’வை அனுப்பினேன். இதன் சிப்பும் பைட்டைச் செங்குத்தாகவே, மேல் பிக்சலை 1 என்றே எடுத்துக்கொள்கிறது. 255, அப்புறம் ஏழு 128. இடப்பக்கம் தூண், அடியில் கோடு. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை.